சாட்சிக் கூண்டில் நின்றவருக்கும் பெயர் உண்டு

அன்பு மகனே,

நீ நலமாகத்தான் இருப்பாய். நேற்று சாயந்திரம் போனில் உன் குரலில் அவ்வளவு குஷி. "அப்பா, இன்னைக்கு கோர்ட்ல செம லா! அந்த விட்னஸ் ஃபுல்லா தடுமாறிடுச்சு," என்றாய். நான் "சரிப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சட்டென்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஏன் அப்படிக் கொடுத்தேன் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். நேற்றுக் காலை அந்த நீதிமன்ற அறையில், கடைசி வரிசையில், கதவை ஒட்டிய இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ முதுகு காட்டி நின்றதால் என்னைப் பார்க்கவில்லை. அங்கே நான் கண்டதும் கேட்டதும் இந்த நிமிடம் வரை எனக்குச் செரிக்கவில்லை. நேரில் பேசினால் நான் கத்துவேன், பதிலுக்கு நீ கத்துவாய், அம்மா இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லுவாள். அதனால்தான் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. அம்மா படித்த பிறகுதான் உன் கைக்கு வரும். வழக்கு முடிந்த பிறகு, இப்போது நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். இதில் பாதிக் குற்றம் என்னுடையது, அது அவர்களுக்கும் தெரியட்டும்.

முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பெற்ற பிள்ளை குறுக்கு விசாரணை செய்வதை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. எத்தனையோ வக்கீல்களுக்குப் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறேன், உன்னைத் தவிர. அதனால் நம் ஈசூன் நிலையத்தில் ரயில் ஏறும்போதே மனசுக்குள் ஒரு திருவிழா. தீபாவளிக்கு நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். விசாரணை முடிந்ததும் பின்னால் வந்து தோளில் தட்டி, தேக்கா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் பிரியாணி வாங்கித் தரலாம் என்று நினைத்திருந்தேன். நீ உள்ளே வந்ததும் நீதிபதி இருக்கையைப் பார்த்துத் தலை வணங்கினாய். ஆகா, என்ன வணக்கம்! இடுப்பும் வளையாமல், வெறும் தலையும் ஆடாமல், அளவாக. பல்கலைக்கழகத்தில் நீ சட்டம் படிக்கப்போன முதல் வாரம் நம் வீட்டு வரவேற்பறையில் வைத்து நான் சொல்லிக்கொடுத்தது அது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் "நம்ம பையன்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

முதலில் தோசை மாஸ்டர் வந்தார். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் உணவுக்கடை, அடுப்படியில் மேற்பார்வையாளர் கோபத்தில் தோசைத் திருப்பியை வீசியெறிந்தார், அது உதவிக்கு நின்ற பெண்மணியின் புருவத்துக்கு மேலே வெட்டித் தையல் போட வேண்டியதாயிற்று என்பது வழக்கு. வீசவில்லை, எண்ணெய்க் கை நழுவிவிட்டது என்பது உன் கட்சிக்காரரான மேற்பார்வையாளரின் பதில். தோசை மாஸ்டர் பார்த்த சாட்சி. அவரை நீ எப்படிக் கேள்வி கேட்டாய் என்று நினைத்துப் பார். "மிஸ்டர் ஆறுமுகம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றீர்கள்?" "மிஸ்டர் ஆறுமுகம், உங்களுக்கு நேரம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்." அவர் பதிலை முடிக்கும்வரை நீ காத்திருந்தாய். அவரை நீ மடக்கவும் செய்தாய், ஆனால் மரியாதையாக மடக்கினாய். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பிறகு அடிபட்ட அந்த அம்மாள் வந்தார். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கலாம் என்பதால் பெயரை மாற்றி செல்வராணி என்று எழுதுகிறேன், தோசை மாஸ்டர் பெயரையும் அப்படித்தான் மாற்றினேன். அவருடைய உண்மைப் பெயர் உனக்குத் தெரியும். தெரியும் அல்லவா? நேற்று ஒரு தடவைகூட அது உன் வாயில் வரவில்லை. நாற்பத்தாறு வயது, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர், மூன்று வருடமாக அதே அடுப்படி. தோசை மாஸ்டருக்கும் அவருக்கும் அதே வேலை நேரம், அதே தமிழ், அதே மொழிபெயர்ப்பாளர். நீ எழுந்தாய். ஆங்கிலத்தில் "இந்தப் பெண் சொல்வது என்னவென்றால்" என்று ஆரம்பித்தாய். பெண் என்றுகூட இல்லை, ஏதோ பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண்ணைச் சொல்லுகிற சொல். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர், உன்னைவிட இளையவர், ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் "இந்தப் பொண்ணு" என்று தமிழில் சொன்னார். செல்வராணி திரும்பிப் பின்னால் பார்த்தார். எந்தப் பொண்ணைச் சொல்கிறார்கள் என்று தேடினார், மகனே.

அதற்குப் பிறகு நீ கேட்டதையெல்லாம் எழுத எனக்குக் கை கூசுகிறது. "மை டியர், சுலபமான கேள்விதான். ஆமாவா, இல்லையா?" என்று சிரித்தாய். ஊரில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்களே என்று கேட்டாய். ஆண்கள் மட்டும் வேலை செய்கிற அடுப்படியில் நிற்பதற்கு உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாய். அடேயப்பா! தோசை மாஸ்டருக்கும் ஊரில் மூன்று பிள்ளைகள் என்று அவரே தன் சாட்சியத்தில் சொன்னாரே, அவர் மனைவி என்ன சொல்கிறார் என்று ஏன் கேட்கவில்லை? கணவர் என்ன சொன்னால் தோசைத் திருப்பி பறந்து வந்ததா, நழுவி விழுந்ததா என்று தெரிந்துவிடுமா? அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வெட்டினாய். அவர் தண்ணீர் கேட்டார். நீ நீதிபதியிடம் திரும்பி, "யுவர் ஆனர், சாட்சி உணர்ச்சிவசப்படுகிறார்" என்றாய். அவர் அழவே இல்லை. தாகம் எடுத்தது, அவ்வளவுதான்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அந்த மனிதர் அதிகம் பேசாதவர் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். "வக்கீல் அவர்களே, சாட்சிக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் கேட்டது தண்ணீர்," என்றார். நீ அளவாகத் தலை வணங்கி, "மிக்க நன்றி, யுவர் ஆனர்," என்றாய். அடுத்த கேள்வியில் பொண்ணு "லேடி" ஆனது. பெயர் அப்போதும் வரவில்லை. மேலே இருப்பவருக்கு இத்தனை மரியாதை, எதிரே நிற்பவருக்கு இல்லை! விசாரணை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டதும் உன் கண்ணில் படாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பிரியாணி எங்கே போயிற்று, திருவிழா எங்கே போயிற்று, ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "இவனுக்கு இந்தப் பேச்சு எங்கேயிருந்து வந்தது? யாரோடு பழகுகிறான்?" என்று குதித்தேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இப்பத்தான் காதுல விழுந்துச்சா உங்களுக்கு?" என்றாள். "நம்ம வீட்ல முப்பத்தஞ்சு வருஷமா ஓடற படம்தானே." நான் நின்றுவிட்டேன். "என்ன சொல்ற நீ?" என்றேன். "பாத்தீங்களா, நான் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள அதட்டல்," என்றாள். பிறகு துணியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்து, "கோர்ட் விளையாட்டு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

உனக்கும் ஞாபகம் இருக்கும். உனக்கு எட்டு, ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசை. நான் நீதிபதி, நீ வக்கீல், அம்மா சாட்சி. சாம்பாரில் உப்பு ஏன் கூடியது என்று வழக்கு. பிஸ்கட் டின் எப்படிக் காலியானது என்று வழக்கு. நீ என் கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு, "ஆமாவா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!" என்று மேசையைத் தட்டுவாய். அம்மா கரண்டியும் கையுமாக நின்றுகொண்டே, "அது வந்துடா..." என்று இழுப்பாள். "சாட்சி தடுமாறுகிறார்!" என்று நான் தீர்ப்புச் சொல்லுவேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். பாலர் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் ஆசிரியராக இருந்தவள், நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவள், நம் வீட்டு மேசையில் எப்போதும் தடுமாறுகிற சாட்சி. நேற்று அவள் கேட்டாள்: "ஒரு தடவையாச்சும் என்னை ஜட்ஜா உக்கார வெச்சீங்களா? நான் பதில் சொல்லி முடிக்கற வரைக்கும் யாராச்சும் இருந்தீங்களா?" மகனே, அவள் கோபமாகக் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்துச் சாதாரணமாகக் கேட்டாள். நான் அதை உனக்குக் கொடுத்த பயிற்சி என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், சின்ன வயதிலேயே என் பையன் வக்கீல் என்று.

அந்த அதிர்ச்சியில் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று மேலே வந்தது. அம்மாவுக்கும் நேற்றுத்தான் சொன்னேன். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. உணவங்காடியில் மேசை துடைக்கிற ஓர் அம்மாள், ஐம்பது வயது இருக்கும், ஓர் ஆள் மேல் அழுக்குத் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துவிட்டுத் துடைப்பக் கட்டையால் அடித்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏன் செய்தேன் என்பதை மட்டும் நீதிமன்றம் கேட்க வேண்டும் என்றார். அந்த ஆள் எல்லாருக்கும் முன்னால் அவர் உடம்பைப் பற்றியும் அவர் அம்மாவைப் பற்றியும் ஒரு பேச்சுப் பேசியிருக்கிறான். அந்தப் பேச்சை அவர் அப்படியே, தலை நிமிர்ந்து, திருப்பிச் சொன்னார். அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது நான். உண்மையாக, முழுமையாக மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தவன் நான். மேலே பார்த்தேன். நீதிபதி ஒரு பெண். புதிதாக வந்தவர். ஒரு பெண் முன்னால், அதுவும் நீதிபதி முன்னால், இந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். "அவர் இவரைத் திட்டினார், யுவர் ஆனர்," என்றேன். "வெறும் திட்டா?" என்று அவர் கேட்டார். "ஆமாம்," என்றேன்.

அதோடு விட்டேனா? "நீங்கள் பதிலுக்கு என்ன சொன்னீர்கள்?" என்று நீதிபதி கேட்டார். அந்த அம்மாள் தானும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதாக ஒளிக்காமல் சொன்னார். அதை நான் முழுசாக, எழுத்து எழுத்தாக, ஆங்கிலத்தில் சொன்னேன்! ஒரு பொம்பளை வாயில் இப்படிப்பட்ட பேச்சா என்று எனக்கு அப்படி ஓர் எரிச்சல். ஆண் பேசியதற்குத் திரை போட்டேன், பெண் பேசியதைத் தெருவில் போட்டேன். நீதிபதியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வெறும் திட்டுக்கு இப்படி நடந்துகொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை என்று சொல்லித் தண்டனை கொடுத்தார். அந்த அம்மாளுக்கு வேலையும் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். வெளியே போகும்போது அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா எடுத்துச் சொன்னீங்க ஐயா," என்றார். நான் தலையாட்டினேன். அன்று மத்தியானம் நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். பெண் நீதிபதிக்கு மரியாதை காட்டியதாக எனக்குள் ஒரு திருப்தி வேறு. அந்த நீதிபதிக்கும் நான் துரோகம்தான் செய்தேன். அவர் கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் செய்தேன். நேற்றுவரை இதை நான் பிழை என்றே நினைக்கவில்லை என்பதுதான், மகனே, எனக்கு இருக்கிற அதிர்ச்சியிலேயே பெரிய அதிர்ச்சி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். ஆனாலும் சொல்லுவேன், அப்பன் என்பதற்காக அல்ல, அந்த அறையில் முப்பத்தொரு வருடம் நின்றவன் என்பதற்காக. உன் கட்சிக்காரருக்காக நீ வாதாடத்தான் வேண்டும். விடாதே. அவர் கை எங்கே இருந்தது, கைப்பிடியில் எண்ணெய் இருந்ததா, இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை அடி, நீங்கள் குனிந்திருந்தீர்களா நிமிர்ந்திருந்தீர்களா என்று துருவித் துருவிக் கேள். அதெல்லாம் கேட்டிருந்தால் உன் கட்சிக்காரருக்கும் உதவியிருக்கும். நேற்று இவரிடம் நீ ஒன்றுகூட உருப்படியாகக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று செய். இதே கேள்வியை, இதே சிரிப்போடு, தோசை மாஸ்டரிடம் கேட்பாயா என்று பார். அவரை "மை டியர்" என்பாயா? அவர் தண்ணீர் கேட்டால் உணர்ச்சிவசப்படுகிறார் என்பாயா? மாட்டாய் என்றால் அதை இவரிடமும் கேட்காதே. போனில் இவரைத் "தடுமாறிடுச்சு" என்றாய், மாஸ்டராக இருந்தால் "தடுமாறிட்டாரு" என்றிருப்பாய். அதையும் நான் கவனித்தேன். வீட்டில் அந்த அம்மாளைப் பற்றி ஒரு மாதிரி பேசிவிட்டு, வியாழக்கிழமை கூண்டுக்கு முன்னால் வேறு மாதிரி பேச உன்னால் முடியாது. எனக்கும் முடிந்ததில்லை.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா மேசையின் தலைப்பக்கம், என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஏதோ தன் பழைய மாணவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் மூன்று தடவை எனக்கு வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அந்தக் கதைக்கு ஒரு முடிவு இருந்தது, அதுவும் நல்ல முடிவு. அவள் கதைகளின் முடிவை நான் கேட்டே எத்தனை வருடமோ!

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதை அம்மாவிடமும் சொல்லவில்லை, இந்தத் தாளில்தான் அவளும் முதலில் படிக்கப்போகிறாள். நேற்று அறையைவிட்டு வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தேன். செல்வராணி வந்து பக்கத்தில் நின்றார். நெற்றித் தழும்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "எம்ஆர்டி ரயிலுக்கு எந்தப் பக்கம்ணே போகணும்?" என்று கேட்டார். வழி சொன்னேன். "நீங்களும் உள்ளதானே உக்காந்திருந்தீங்க?" என்றார். எனக்குப் பழைய வேலை புத்தி வந்துவிட்டது. "ஆமாம்மா. ஆனா நீங்க இன்னும் சாட்சி சொல்லி முடிக்கல. கேஸப் பத்தி எங்கிட்ட எதுவும் பேசக் கூடாது," என்றேன். "கேஸ் இல்லண்ணே," என்றார். பிறகு கோபமே இல்லாத குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல, "அந்த வக்கீல் தம்பி வீட்ல பெரியவங்க யாரும் இல்லையாண்ணே?" என்று கேட்டார்.

மின்தூக்கிக் கதவு திறந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "தெரியலம்மா," என்றேன்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன், மகனே. நான் பெற்ற உன்னை, எனக்கு யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் "சரிண்ணே" என்று உள்ளே போனார். நான் அடுத்த மின்தூக்கி வரட்டும் என்று நின்றுகொண்டேன். அவரோடு சேர்ந்து கீழே இறங்க எனக்குத் துணிச்சல் இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நானும் அம்மாவும் வருவோம். இந்த முறை முன்வரிசையில் உட்காருவோம், நீ திரும்பினால் தெரியும். செல்வராணி சாட்சி சொல்லி முடித்து வெளியே வந்ததும் நான் அவரிடம் போய், "அந்த வக்கீல் என் பிள்ளைதாம்மா, நான்தான் அவன் அப்பா," என்று சொல்லப்போகிறேன். நீ எப்படிப் பேசியிருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். அப்போது நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேனா, தரையைப் பார்த்துச் சொல்வேனா என்பது மட்டும்தான் உன் கையில் இருக்கிறது.

அப்பா